காலையில் மட்டும் மங்கும் கண்

காலை ஏழு மணி நெருங்கினாலே சங்கரனுக்கு இருப்புக் கொள்ளாது. அப்போதுதான் சிகாகோவிலிருந்து ஜானு வீடியோ காலில் வருவாள். மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போன மனைவி, போய் மாதங்கள் ஆகின்றன. பகல் முழுக்கக் குழந்தை அவள் இடுப்பில். மகள் ஆபீஸிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்குக் கை ஒழியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் மனுஷருக்குக் கண் மங்கித் தொலைக்கும். பதினோரு மணிக்கு மாட வீதியில் நின்று கோபுரத்துப் பொம்மைகளின் மூக்கு முழி சொல்வார். எழுந்த கையோடு மட்டும் உலகமே ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் போய்விடும். திரையில் ஜானு ஒரு வெளிறிய வட்டம். தோளில் ஏதோ நீலமாக, மகள் வாங்கித் தந்த சால்வை போலும்.

அடையாறு கண் டாக்டர் ஸ்நேஹா விளக்கிச் சொல்லியிருந்தாள். “கருவிழிக்கு ரத்தக்குழாய் கிடையாது சார். வெளிக்காத்துலேர்ந்துதான் ஆக்ஸிஜன் எடுத்துக்கும். ராத்திரி இமை மூடினா அது குறைஞ்சு, தண்ணி ஏறி வீங்கும். உள்பக்கத்து செல்லெல்லாம் மோட்டார் மாதிரி அந்தத் தண்ணிய வெளிய தள்ளணும். உங்களுக்கு மோட்டார் தேஞ்சு போச்சு.”

உப்புக் கலந்த சொட்டு மருந்து கொடுத்தாள். ஹேர் டிரையரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, இளங்காற்றைக் காட்டினால் ஈரம் சீக்கிரம் வற்றும் என்றாள்.

ஜானுவிடம் அவர் மூச்சு விடவில்லை. சொன்னால் அடுத்த விமானத்தில் வந்து நிற்பாள். வர வேண்டும் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. ஆனால் நான் கூப்பிட்டு வந்தாள் என்று ஆகிவிடக் கூடாதே! தவிர, “நேக்கு இங்க ஜம்முனு போயிண்டிருக்கு” என்று தினமும் அவள் சொல்லும்போது இவருக்கு, நான் இல்லாமலே இவளுக்கு ஆகிறதே என்று ஒரு பொருமல்.

அன்று அலமாரியைக் குடைந்தார். அவருடைய நீலக் கட்டம் போட்ட சட்டையைக் காணோம். வெகு நாளாகவே காணோம். இஸ்திரிக்கார வெங்கடேஷைச் சந்தேகப்பட்டு வீணாக ஒரு மூச்சு சண்டையும் போட்டாயிற்று. சட்டைக்குப் பதில் ஜானுவின் ஹேர் டிரையர் கிடைத்தது. போட்டதும் முதல் காற்றில் அவளுடைய தலைமுடி வாசனை வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு ஞாபகம் வந்து, கண்ணை அகல விழித்து, எதிரே பிடித்துக்கொண்டார்.

போன் அடித்தபோது ஜன்னல் கம்பி தெளிந்திருந்தது. எடுத்தார்.

“ஏன்னா, நன்னா இருக்கேளா? நேக்கு இங்க ஜம்முனு...”

முகம் தெரிந்தது. குரலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கன்னம் ஒட்டி, கண் அழுது சிவந்திருந்தது. புடவைக்கு மேல் பொத்தான் போடாமல், நீலக் கட்டம் போட்ட சட்டை.

“ஜானு, அது என் சட்டையாச்சே!”

அவள் கை சட்டென்று காலரைப் பிடித்தது.

“குளிருக்குப் போட்டுண்டேன்.”

“ஏன், ஸ்வெட்டர் இல்லையா?”

அவள் காலரை இன்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

“நாலு இருக்கு” என்றாள்.

சங்கரன் போனை முகத்தருகே கொண்டுபோனார். “வந்துடேன் ஜானு. நேக்குக் கார்த்தால கண்ணே தெரியறதில்ல.”