அந்தப் பக்கத்துச் சத்தம்

இறந்து கிடந்த அத்தையின் காதை மறைத்த துணிக்கட்டை விரலால் ஒதுக்கி, ரிசீவரை ஒட்டிப் பிடித்திருந்தாள் செல்லக்கனி. ஜம்முவிலிருந்து அத்தையின் மகன் வைகுண்டராஜ் தன் அம்மாவிடம் அழுதுகொண்டிருந்தான். பட்டாளத்துக்காரன் அழுகிறானே என்று அவளைக் கிடத்தியிருந்த பெஞ்சைச் சுற்றியிருந்த பெண்களுக்கும் தாளவில்லை, கூடவே அழுதார்கள்.

காலையில் இதை ஆரம்பித்துவைத்தவள் பக்கத்து வீட்டு மாடத்தி. பம்பாயிலிருந்து முதல் போன் வந்ததுமே, “வர முடியாதவுக இப்பிடியாச்சும் ஒரு சொல்லு சொல்லட்டும்” என்று ரிசீவரை வாங்கி இறந்தவள் காதில் வைத்துவிட்டாள். அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. மணி அடித்தால் போதும், வாசலில் துக்கத்துக்கு ஆள் வந்துவிட்டதுபோல் பெண்கள் குரலெடுத்து அழுதார்கள்.

பரிபூரணம் அத்தைக்கு இப்படி ஒரு சாவு பொருத்தம்தான். புருஷன் போனபின் வீட்டின் முன்னறையில் எஸ்.டி.டி. பூத் வைத்து, ராஜபாளையத்தில் பாதிப் பேரின் நல்லது கெட்டதுக்கு வெளியே உட்கார்ந்து சாட்சியாக இருந்தவள். உடம்புக்கு முடியாத நாளில் உள்ளே படுத்தபடியே பேசலாமென்று நீள ஒயராகப் போட்டு வைத்திருந்தாள். விடியற்காலையில் ஷட்டரைத் தூக்கியவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அத்தோடு சரி.

அதுவும் இந்தச் சனிக்கிழமையில்.

செல்லக்கனி மதுரையில் விலங்கியல் முதுகலை படித்தாள். ஆறு மாதமாக ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பில் அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்க, சாம்பல் நிற மலை அணில்களின் கூடுகளைக் கணக்கெடுத்திருந்தாள். “மாப்பிள்ளை பாக்குற வயசுல அணிலப் பாக்கா” என்று அத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். பெங்களூரில் ஒரு கருத்தரங்கு. வெளியூர் மாணவர்களை வரவழைக்கக் கையில் காசில்லாததால், அவர்கள் ஊரிலிருந்தே போனில் பேசட்டும், அரங்கில் ஒலிபெருக்கி வைத்துக் கேட்கலாம் என்று புதுமையாக ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஸ்லைடுகள் முன்கூட்டியே தபாலில் போய்விட்டன. பதினொரு மணிக்கு இந்த பூத்துக்கு அழைப்பு வரும். தவறவிட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள், அப்புறம் அவள் முறை கிடையாது.

ஒரு வாரமாகக் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று ஒத்திகை பார்த்தாள். அத்தை வெளியிலிருந்து நேரம் பார்த்து, முடிக்க வேண்டிய இடத்தில் சாவியால் கண்ணாடியைத் தட்டுவாள். நேற்று சாயங்காலம் பழைய பேப்பரை நனைத்துக் கண்ணாடியைப் பளபளவென்று துடைத்தவளும் அவள்தான். துடைத்துக்கொண்டே கேட்டாள்: “எல்லாரும் இந்தப் பக்கம் பேசுதது மட்டுந்தான் எனக்குக் கேக்கும். சிரிப்பாவ, அழுவாவ, அந்தப் பக்கம் என்ன சொன்னாவன்னு ஒரு நாளும் தெரியாது. நாளைக்கு கை தட்டுனாவன்னா ரிசீவர எங்கிட்ட ஒருக்கக் குடுப்பியாட்டி?”

இப்போது மணி பத்தரை. அத்தையைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது. ஆனாலும் கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு குதித்தது. இந்த வீட்டில் இந்த நேரத்தில் இப்படி ஒரு துள்ளலா என்று தன்மீதே அவளுக்குக் கோபம் வந்தது. முதல் ஸ்லைடுக்கான வாக்கியம் மட்டும் அதுபாட்டுக்கு மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

வைகுண்டராஜ் மாமாவிடம் கொடுக்கச் சொன்னான். செல்லக்கனியின் அப்பா தனுஷ்கோடி வாங்கி, “சரிய்யா, சரிய்யா” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு வைத்தார். பிறகு அத்தையின் கொழுந்தனார் கருத்தப்பாண்டியிடம் போனார். சேத்தூரிலிருந்து வந்திருந்த அவர் சொல்வதுதான் இன்றைக்குச் செல்லும்.

“அவன் வந்து சேர மூணு நாளாவுமாம். காத்திருக்க வேண்டாம், எடுத்துருங்கன்னுட்டான்.” அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். “பொறவு, பதினோரு மணிக்கு லைன யாரும் தொடக்கூடாதுங்கான். செல்லிக்குப் பேச்சு இருக்காம். போன வாரம் அக்கா அவங்கிட்ட அதத்தான் பேசியிருக்கா.”

கருத்தப்பாண்டிக்கு முகம் சுருங்கியது. “பொணம் கெடக்குற வீட்டுல இங்கிலீசுப் பேச்சா? ஊரு என்ன சொல்லும்?”

“ஊருக்கே அக்காதான மச்சான் சொல்லி வச்சிருக்கா.”

அதுவும் உண்மைதான். கருத்தப்பாண்டி பெஞ்சில் கிடந்த மதினியைப் பார்த்தார். பிறகு தெருவுக்கு இறங்கிப் போய், மேளக்காரர்களை டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். காசும் கொடுத்தார்.

செல்லக்கனி கூண்டுக்குள் போனாள். துடைத்த கண்ணாடி வழியே அத்தையின் கால்கள் தெரிந்தன, பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மணி அடித்தது.

அடித்ததுதான் தாமதம், பழக்கதோஷத்தில் அத்தனை பெண்களும் ஓவென்று குரலெடுத்தார்கள். மறுமுனையில் கருத்தரங்கின் தலைவர் திடுக்கிட்டு, அது என்ன சத்தம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒரு வாரமாக மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் இதற்கு மட்டும் ஒரு வார்த்தையும் கைக்கு அகப்படவில்லை. “பேமிலி, சார்” என்றாள். குடும்பமே கேட்க வந்திருக்கிறதா, ரொம்ப சந்தோஷம் என்றார் அவர். “யெஸ், சார்” என்றாள். அதற்குள் மாடத்தி பக்கத்திலிருந்தவள் வாயைப் பொத்தி, மற்றவர்களையும் கண்ணால் அடக்கியிருந்தாள்.

ஆரம்பித்தாள். முதல் இரண்டு வாக்கியம் நடுங்கியது, மூன்றாவதில் நிமிர்ந்துகொண்டாள். “நெக்ஸ்ட் ஸ்லைடு” என்று அவள் சொன்னதும் எங்கோ பெங்களூரில் ‘கிளிக்’ என்றது. அவள் சொல்ல, முன்னூறு மைலுக்கு அப்பால் அவள் பார்த்திராத சுவரில் செண்பகத்தோப்பு மரம் மாறுகிறது! ஓடைக்கரையில் கிளையோடு கிளை தொடுகிற இடத்தில்தான் அணில் கூடு கட்டும், இடையில் ஒரு மரத்தை வெட்டிவிட்டால் அந்தக் கரையே வேண்டாமென்று போய்விடும் என்றாள். கூட்டை விட்டு எட்டிப் பார்த்த குட்டியின் படம் வந்தபோது அரங்கில் சிரிப்பலை எழுந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு அவளும் சிரித்துவிட்டாள். கண்ணாடிக்கு வெளியே ஒரு சொல் புரியாமல், அழுத முகங்கள் அத்தனையும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

முடிக்க வேண்டிய இடம் வந்தது. சாவிச் சத்தத்துக்காகக் காது அதுவாகவே காத்தது. யாரும் தட்டவில்லை. அவள் பாட்டுக்கு இன்னும் கொஞ்சம் பேசினாள், தலைவரும் தடுக்கவில்லை. கடைசியாக நன்றி சொன்னாள்.

அந்தப் பக்கம் கைதட்டல் எழுந்தது. தூறலாகத் தொடங்கி, சடசடவென்று வலுத்தது.

செல்லக்கனி கூண்டுக் கதவை முழங்கையால் தள்ளினாள். ஒயர் இழுபட்டு வந்தது. பெண்கள் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார்கள். பெஞ்சருகே மண்டியிட்டு, துணிக்கட்டை விலக்கி, ரிசீவரை அத்தையின் காதில் வைத்தாள். காதுக்கும் ரிசீவருக்கும் நடுவிலிருந்து கைதட்டல் மெல்லக் கசிந்தது. ஒருவரும் அழவில்லை. கருத்தப்பாண்டி வாசலில் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

அது ஓய்ந்து அடங்கும்வரை கையை எடுக்கவில்லை.

“ஹலோ, ராஜபாளையம்? ஹலோ?” என்று அந்தப் பக்கம் கூப்பிட்டது. யாரோ கேள்வி கேட்கக் காத்திருந்தார்கள்.

செல்லக்கனி ரிசீவரைத் தன் காதுக்கு மாற்றிக்கொண்டாள். மாடத்தி குனிந்து துணிக்கட்டைச் சரிசெய்தாள்.

“வீ ஆர் ஹியர், சார்” என்றாள். கூண்டுக்குத் திரும்பிப் போகாமல், பெஞ்சுக்குக் கீழே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினாள்.