முருகேஷின் பேண்ட்

கட்டிலின் மேல் மடித்து வைத்திருந்த, சாயம் போன கருநீல பேண்ட்டைக் கையால் தொட மனம் வராமல், கைத்தடியின் நுனியில் கோர்த்து எடுத்து வாசலில் எறிந்தார் பச்சியப்பன்.

"இந்த வூட்டுப் பொம்பள இதப் போட்டுக்கிட்டு ரோட்டுல போனா, அப்புறம் நான் டீக்கடையில போயி எப்படி உக்காருவேன்?"

மருமகள் மலர்விழி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஆறரை ஆகியிருந்தது. நல்லம்பள்ளியைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் பெட்ரோல் பங்கில் எட்டு மணிக்கு அவள் வேலைக்குச் சேர வேண்டும். சட்டையை அவர்களே தருவார்கள், பேண்ட் மட்டும் அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும். சேலையில் வரலாமா என்று அவள் கேட்டபோது, "இங்க எல்லாருக்கும் ஒரே டிரஸ்தாம்மா. உங்களுக்குத் தோதுப்படலன்னா சொல்லிடுங்க, வேற ஆளு ரெடியா இருக்காங்க" என்று சொல்லிவிட்டார் மேனேஜர்.

தக்காளிக் காட்டு வேலை மாதத்தில் பாதி நாள்கூடக் கிடைப்பதில்லை. குளிக்கிற சோப்பு தீர்ந்தால்கூட மாமனாரிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. எந்த சோப்பு, ஏன் அதற்குள் தீர்ந்தது என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு இனிமேல் நின்று பதில் சொல்ல அவளால் முடியாது.

"அண்ணி, நாலு பேரு பாக்குற எடம் அது." வாயில் பிரஷ்ஷோடு கொழுந்தன் கோவிந்தன் வந்து நின்றான். "அங்க பெட்ரோல் போட வர்றவன்ல பாதிப்பேரு என் கூட்டாளிங்க. நாளைக்கு என்னை என்ன பேசுவானுங்க? கொஞ்சமாவது அடக்கம் வேணாமா?"

அவன் பனியனும் அரை டவுசரும் போட்டிருந்தான். டவுசர் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றது. அதன் பின்புறத்தில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. அது என்னவென்று ஊரில் யாருக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. தொடையைச் சொறிந்துகொண்டே அவன் அடக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசினான்.

மலர்விழிக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. புருசன் முருகேஷ் மஞ்சள் காமாலையில் செத்துப்போன இந்த மூன்று வருடமும் அவள் ஆம்பளைச் சட்டையில்தான் இருக்கிறாள். அவனுடைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டுதான் காட்டுக்குப் போகிறாள். தக்காளிச் செடி உரசினால் கை அரிக்கும், அவ்வளவுதான் காரணம். ஆனால் தெரு அதற்கு வேறு காரணம் கண்டுபிடித்தது. 'இன்னும் புருசன் சட்டையத்தான் போட்டுக்கிட்டுப் போறா பாரு, அவ பொம்பள' என்று ஒரு கல்யாணத்தில் அவள் காதுபடவே பேசினார்கள். அவள் மறுக்கவில்லை. மதிப்பாகப் பேசும்போது எதற்கு மறுக்க வேண்டும்?

இடுப்புக்கு மேலே கற்பாக இருந்த ஆம்பளைத் துணி, இடுப்புக்குக் கீழே வந்ததும் மானக்கேடாகிவிட்டது. அந்த எல்லைக்கோடு எந்தப் பொத்தானோடு முடிகிறது என்று யாரிடம் கேட்பது?

கடைசி வரைக்கும் சொல்லாமல் தப்பித்துவிடலாம் என்று நினைத்திருந்ததை அவள் இப்போது சொன்னாள்.

"மாமா, அது அவரு பேண்ட்டுங்க."

பச்சியப்பனின் தடி பாதியில் நின்றது. "யாரு பேண்ட்டு?"

"உங்க மவன் பேண்ட்டுங்க. பெங்களூர்ல கட்டட வேலைக்குப் போனப்ப போட்டது. பொட்டியில இருந்துச்சு. இடுப்புல கொஞ்சம் பிரிச்சுத் தெச்சுக்கிட்டேன்."

சொன்னது முழுப்பொய். முருகேஷ் ஒல்லி ஆள். அவனுடைய பேண்ட் எதுவும் அவளுக்கு முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. இது தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் கடையில் போன வாரம் எடுத்தது. இப்படி ஒரு பேச்சு வந்தாலும் வரும் என்று, சோடாத்தூளில் நான்கு தடவை ஊறவைத்து, கல்லில் அடித்து அடித்து நரைக்க வைத்திருந்தாள்.

கோவிந்தன் வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு வாசலில் கிடந்த பேண்ட்டைக் குனிந்து எடுத்துப் பார்த்தான். அவன் முகம் இளகியது.

"ஆமாப்பா! அண்ணன் அந்தத் தீபாவளிக்கு இதப் போட்டுக்கிட்டுத்தான் பஸ்ஸ விட்டு எறங்குச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."

"குடுடா இங்க."

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த மாமியார் தீர்த்தம்மாள், ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்து கையை நீட்டினாள். மற்றவர்கள் எதை வேண்டுமானாலும் ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும். முருகேஷ் ஊருக்கு வரும்போதெல்லாம் சிமெண்ட் படிந்த அவன் துணிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துத் துவைத்தவள் இந்த அம்மாள்தான்.

தீர்த்தம்மாள் பேண்ட்டை உதறினாள். இடுப்புப் பட்டியை உள்பக்கமாகத் திருப்பி விரலால் தடவிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. விலை அட்டையைக் கோர்த்திருந்த வெள்ளை பிளாஸ்டிக் நூல் அங்கே ஒரு விரற்கடை நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. நான்கு தடவை அலசியும் அது மலர்விழியின் கண்ணில் படவில்லை.

தீர்த்தம்மாள் தலையைத் தூக்கி மருமகளைப் பார்த்தாள். பிறகு குனிந்து, முகத்தைத் துணியில் புதைத்து அழுகிறவளைப் போல, அந்த நூலைப் பல்லால் கடித்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எம் மவனுதுதான். எங்கையால எத்தன தரம் தொவச்சிருப்பேன்!" சொல்லிவிட்டுப் புருசன் பக்கம் திரும்பினாள். "ஏய்யா, செத்த புள்ள துணியக் கோல்ல தூக்கியா எறிவ? கையில தொட்டா என்ன, வெந்தா போயிரும்?"

பச்சியப்பன் தடியைச் சுவரில் சாய்த்தார். இரண்டு கையையும் நீட்டிப் பேண்ட்டை வாங்கி, மண்ணைத் தட்டி, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகளிடம் கொடுத்தார்.

"பாத்துப் போட்டுக்க ஆத்தா. பெட்ரோல் கிட்ரோல் பட்டுரப் போவுது."

மலர்விழி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜெயித்துவிட்டாள். ஆனாலும் பேண்ட்டை இழுத்துப் பொத்தான் போடும்போது ஏதோ உறுத்தியது. வாங்கியது அவள், நரைக்க வைத்தது அவள், போட்டுக்கொள்வதும் அவள்தான். இருந்தும் செத்தவன் பெயரைச் சொன்ன பிறகுதான் அவளால் வாசலைத் தாண்ட முடிகிறது.

வீட்டிலிருந்த ஒரு மேல்சட்டையோடு அவள் தெருவில் இறங்கியபோது சேதி அவளுக்கு முன்னால் போயிருந்தது. குழாயடியில் பெண்கள் குடத்தை நகர்த்தி வழிவிட்டார்கள். 'முருகேசு பேண்ட்டாம்' என்று ஒருத்தி சொன்னாள். 'அப்படின்னா சரிதான்' என்றாள் இன்னொருத்தி.

பஸ் ஸ்டாப் வரை பின்னாலேயே வந்தாள் பக்கத்து வீட்டு பானுமதி. பன்னிரண்டாவது வரை படித்தவள். சுடிதார் போடக்கூட அவள் புருசன் விடுவதில்லை.

"அக்கா, பங்க்ல இன்னும் ஆளு எடுக்குறாங்களா?"

"எடுக்குறாங்களாம். உனக்குக் கேக்கட்டுமா?"

"எங்கூட்டுக்காரரு பேண்ட்டு நாலஞ்சு சும்மாத்தான் கெடக்குது. அளவும் எனக்குச் சரியா இருக்குங்க்கா."

"அப்புறம் என்ன? போட்டுக்கிட்டு வா."

பானுமதி தன் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அவருதான் இன்னும் உசுரோட இருக்காரே, அக்கா."