சிரிக்காத கோச்சும் சிரித்த கோச்சும்

வாரன் ஸ்டக்கியை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். நான் அவருடைய ஆள் என்று எங்கள் ஊர் டன்மோரில் ஒரு பேச்சு அடிபடுகிறது. அவர் எங்கள் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் கோச்சாக இருந்தவர். என் மகன் டேவியன் அந்த அணியில் ஆடினான். அவ்வளவுதான் எங்களுக்குள் உறவு.

எங்கள் ஊர் ஃபுட்பாலில் காலால் உதைப்பது கொஞ்சம்தான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும். எதிரணிக்காரன் மேலே வந்து விழுவான். சனிக்கிழமையானால் மைதானத்தைச் சுற்றிப் பன்றி விலா வேகும் புகை. அன்று கல்யாணம் வைத்தால் மாப்பிள்ளையே வரமாட்டான்.

டேவியனை அணிக்கு எடுக்க ஸ்டக்கி எங்கள் வீட்டுக்கு வந்தார். என் அக்கா ஏர்லீன் பீச் பழத்தை மாவுக்குள் வைத்துச் சுடும் பை செய்து தட்டில் வைத்தாள்.

"இனிப்பு சாப்பிடறதில்ல" என்று தட்டைத் தள்ளிவிட்டார். பிறகு டேவியனைப் பார்த்து, "கால் வேகம் இருக்கு. கை மோசம். படிக்கலைன்னா அணியில வச்சுக்க மாட்டேன்" என்றார். காபி ஆறுவதற்குள் கிளம்பிவிட்டார்.

"இது மனுஷனா, மரக்கட்டையா?" என்றாள் ஏர்லீன்.

ஆனால் மரக்கட்டை ஜெயித்துக்கொண்டிருந்தது. வருஷா வருஷம் தோற்றதைவிட ஜெயித்ததே அதிகம். அவருடைய பையன்கள் பட்டமும் வாங்கினார்கள். ஊர்க்காரர்களுக்கு அது போதவில்லை. வியாபாரிகள் கூப்பிட்ட விருந்துக்கு அவர் போகமாட்டார். டிவிக்காரன் பத்து வார்த்தை கேட்டால் இரண்டு வார்த்தை பதில் சொல்வார். பிக்கப் வண்டி விற்கும் ஹாலிஸ் ப்ரூயிட்தான் ரசிகர் சங்கத் தலைவர், பல்கலைக்கழக நிர்வாகக் குழுவிலும் உறுப்பினர். ஒருமுறை அவர் கையை நீட்டியபோது ஸ்டக்கி கையிலிருந்த ஆட்டத் திட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாராம். ப்ரூயிட் அதை மறக்கவேயில்லை.

டேவியனின் இரண்டாவது வருஷம். பக்கத்து ஊர் அணியோடு ஆட்டம். எங்களுக்கும் அவர்களுக்கும் ஜென்மப் பகை. டேவியன் மேல் ஒருவன் மோதினான். எழுந்த டேவியன் தள்ளாடி எதிரணியின் பெஞ்சை நோக்கி நடந்தான். அடிபட்டவர்களைப் பார்க்கும் பெண் ஜோலின் ஓடிவந்து அவன் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாள். ஆடக்கூடாது என்று தலையை ஆட்டினாள். உடனே ஸ்டக்கி அவன் ஹெல்மெட்டைப் பிடுங்கி உதவியாளரிடம் கொடுத்து, "எங்கேயாவது ஒளிச்சு வை. கெஞ்சினாலும் குடுக்காதே" என்றார். அந்த ஆட்டத்தில் மயிரிழையில் தோற்றோம். மைதானமே அவரைப் பார்த்து ஊளையிட்டது.

ஆட்டம் முடிந்ததும் நான் இறங்கிப்போய், "என் பையனுக்கு என்ன?" என்றேன்.

"தலையில அடி. இந்த வருஷம் ஆட மாட்டான். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்று திரும்பி நடந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை? கிடையாது. எனக்கும் பற்றிக்கொண்டுதான் வந்தது.

அடுத்த வாரமே அவரை நீக்கிவிட்டார்கள். ப்ரூயிட் டிவியில் சொன்னார்: "ஜெயிச்சா மட்டும் போதுமாங்க? ஊருக்குப் பிடிச்ச மனுஷனா இருக்கணும்ல?"

நான் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். பிரேக் பார்க்கிற மெக்கானிக் என்னைப் பார்த்துச் சிரிக்கிறானா என்று நான் கவலைப்பட்டதில்லை. பிரேக் பிடிக்கிறதா என்றுதான் பார்ப்பேன். பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு இது ஏன் உறைக்கவில்லை?

புதிதாக வந்தவர் ரஸ்டி கேலோவே. வந்த வாரமே எங்கள் தேவாலயத்துப் பாடகர் குழுவோடு நின்று பாடினார். ஊரில் நாய்க்குட்டிகளின் பேர்கூட அவருக்கு அத்துபடி. எங்கள் வீட்டில் பை இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, எப்படிச் செய்வது என்று ஏர்லீனிடம் கேட்டுக்கொண்டார். போகும்போது என் கையைப் பிடித்து, "மிஸ் வெர்னா, இனிமே இவன் என் புள்ளை" என்றார். ஏர்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும்தான்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்தச் சிரிப்புக்குப் பலன் இருந்தது. மகனை அனுப்ப எந்தத் தாய் மறுப்பாள்? மாநிலம் முழுக்க இருந்து நல்ல நல்ல பையன்கள் அவரைத் தேடி வந்தார்கள். அணி முன்னைவிட அதிகம் ஜெயித்தது. உட்கார இடமில்லாமல் மைதானம் நிறைந்தது. பிடித்த மனிதராக இருந்தால் ஜெயிக்கலாமா என்று யாராவது கேட்டால், ஜெயிக்கலாம், நன்றாகவே ஜெயிக்கலாம். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

டேவியனின் மூன்றாவது வருஷக் கடைசியில் ஒரு பெரிய ஆட்டம். டேவியன் மறுபடி அடிபட்டான். எழுந்தவன், இல்லாத கைப்பிடியைத் தேடுகிறவன்போல வெறும் காற்றைப் பிடித்தான். ஜோலின் பார்த்தாள், கூடாது என்று தலையை ஆட்டினாள். கேலோவே சிரித்துக்கொண்டே அவள் தோளில் கைபோட்டு ஏதோ சொன்னார். அவள் மறுபடி தலையை ஆட்டினாள். அவர் இன்னும் ஏதோ சொன்னார். அவள் குனிந்துகொண்டாள். பிறகு அவர் டேவியனின் நெற்றியில் தன் நெற்றியை முட்டிப் பேசினார். என் மகன் மறுபடி உள்ளே ஓடினான்.

"வெர்னா, எங்கடி போற?" என்று ஏர்லீன் கத்தினாள். நான் படிகளில் இறங்கிவிட்டேன். காவலுக்கு நின்றவன், "மேடம், இங்க வரக்கூடாது" என்றான். "நகர்றா" என்றேன். நகர்ந்தான்.

"அவனை வெளிய எடுங்க, கோச்."

"அடடே, மிஸ் வெர்னா! கவலைப்படாதீங்க. நம்ம புள்ளை சிங்கம்ல!"

"சிங்கத்தை இன்னைக்கு என்ன கிழமைன்னு கேளுங்க பாப்போம்."

"ஆடறேன்னு அவனேதாங்க கெஞ்சறான். புள்ளை ஆசையை நான் கெடுக்கலாமா?"

"ஆசைப்படறது அவன் வயசு. வேண்டாம்னு சொல்லத்தானே உங்களை வச்சிருக்கு?"

அவர் என் தோளிலும் கையை வைத்தார். "கையை எடுங்க" என்றேன். அவர் எடுப்பதற்குள் கூட்டம் ஆவென்று எழுந்தது. திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் எழுந்துவிட்டார்கள், என் மகன் மட்டும் புல்லில் கிடந்தான்.

பிழைத்தான். ஆனால் இனி ஆட்டம் கிடையாது. வகுப்பறை வெளிச்சம்கூடத் தாங்காமல் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். சாப்பிடும்போது கரண்டிக்குப் பேர் வராமல், "அதும்மா... அது..." என்று கையை அசைப்பான்.

கேலோவே ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதார். பொய்யழுகை இல்லை, நிஜக் கண்ணீர். அதைப் பார்த்த ஊரும் அழுதது. "பாவம், எப்படித் துடிச்சுப்போனார்!" என்று தேவாலயத்துப் பெண்கள் அவர் வீட்டுக்குச் சமைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். மண்டை உடைந்தது என் பிள்ளைக்கு, ஆறுதல் அவருக்கு!

பல்கலைக்கழகம் விசாரித்தது. குற்றம் யார் தலையில் விழுந்தது தெரியுமா? ஜோலின் தலையில். அவள் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டுமாம். வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கேலோவேயை அதைவிடப் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று கூப்பிட்டுக்கொண்டது. ப்ரூயிட் வழியனுப்பு விருந்து வைத்தார்.

ஜோலின் மேல்முறையீடு செய்தபோது நான் சாட்சி சொல்லப் போனேன். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன்: அந்தக் கை, அந்தச் சிரிப்பு, அவள் இரண்டு முறை தலையை ஆட்டியது.

குழுவில் உட்கார்ந்திருந்த ப்ரூயிட், "வெர்னா, கேலோவே நல்ல மனசுக்காரர். ஊருக்கே தெரியும்" என்றார்.

"மனசைப் பத்தி யாரு கேட்டா? உள்ள அனுப்பினது யாருன்னு கேக்கறேன்."

"ஸ்டக்கியா இருந்தா உங்களை மைதானத்துக்குள்ளயே விட்டிருக்க மாட்டான், தெரியுமா?"

"தெரியும். அவர் இருந்திருந்தா நான் இறங்கவே வேண்டியிருந்திருக்காது."

அடுத்த சாட்சியாக உள்ளே வந்தது ஸ்டக்கியேதான். இப்போது வேறொரு மாவட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கோச். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"இந்தப் பொண்ணு என்கிட்ட வேலை பார்த்தவ. வேண்டாம்னு சொன்னா வேண்டாம்தான். அதுக்கு மேல எவ்வளவு அழுத்தணும்? ஹாலிஸ், நீங்க சொல்லுங்க."

ஹாலிஸ் ப்ரூயிட் முன்னாலிருந்த காகிதங்களைப் புரட்டினார். ஸ்டக்கி எனக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் போய்விட்டார். என்னோடு வந்திருந்த டேவியன் அவர் பின்னாலேயே ஓடினான். வண்டி நிறுத்துமிடத்தில் இருவரும் நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

திரும்பி வந்ததும், "என்னடா சொன்னார்?" என்றேன்.

"ராத்திரி தூக்கம் வருதான்னு கேட்டார்."

"அவ்வளவுதானா?"

"வருதுன்னேன். சரின்னு வண்டியை எடுத்துட்டார்."

ஜோலினுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அவள் வேண்டாம் என்றால் கோச் மறுக்க முடியாது என்று விதியும் போட்டார்கள். ப்ரூயிட் அதை எதிர்த்துக் கை தூக்கினார். ஸ்டக்கியைத் திரும்பக் கூப்பிடலாமே என்று நான் கேட்டபோது, "ஐயோ, அவரையா! யாருக்குங்க பிடிக்கும்?" என்றார்கள், ஒருவர் பாக்கியில்லாமல்.

கேலோவே புது ஊரில் ஜெயித்துக்கொண்டேயிருக்கிறார். அங்கே அவருக்காகத் தெருவுக்குப் பேர் வைக்கப் போகிறார்களாம்.