பத்தாவது ஊர்

கனடாவின் வினிபெக் நகரத்தில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே திட்ட மாட்டார்கள். அதற்குப் பதில் கேலி பண்ணியே பிராணனை வாங்குவார்கள். அந்த மார்ச் மாதம் ஊர் வாயில் சிக்கிய ஆள் ஒரெஸ்ட் ஹுமெனியுக். நகரப் பேருந்து ஓட்டுநர், அறுபத்திரண்டு வயது, தொப்பை, பெரிய குரல். காலை ஷிஃப்ட் முடிந்து மெயின் ஸ்ட்ரீட் டோனட் கடைக்குள் அவர் காலை வைத்ததும் மூலையிலிருந்து வால்ட்டர் ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்ப்பா ஒரெஸ்ட், உன் பையனுக்கு நம்ம ஊரு குளிருதாமே? இங்கதானே பொறந்தான்? அப்பவெல்லாம் குளிரலையா?"

"குளிரும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. வரி! மானிடோபா மாகாணத்துல எவ்வளவு புடிக்கிறான் தெரியுமா உனக்கு?"

"நேத்து கொசுன்னு சொன்னே."

"கொசுவும்தான்."

"முந்தாநாள் மருமகளுக்குக் கடல் இல்லாம தூக்கம் வரலன்னே. உன் பையன் வர மாட்டேங்கிறதுக்கு இத்தனை காரணம் இருக்குன்னா, நாமெல்லாம் இந்த ஊர்ல ஏன்டா உக்காந்திருக்கோம்?"

கடையே சிரித்தது. காபி ஊற்றுகிற பெண்கூடச் சிரித்தாள். ஒரெஸ்ட் கோப்பையை எடுத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து தனியாகக் குடித்தார்.

விஷயம் இதுதான். பனித்தரை ஹாக்கியில் பெரிய ஒப்பந்தம் போடுகிற ஆட்டக்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு. பத்து ஊர்ப் பெயரைச் சொல்லி, "இந்த ஊர் அணிகளுக்கெல்லாம் என்னைத் தள்ளிவிடக் கூடாது" என்று முன்கூட்டியே கறாராக எழுதி வாங்கிக்கொள்ளலாம். வினிபெக்கின் பெயர் அதில் அடிபடுவது புதிதல்ல. காது உறைகிற குளிர், மாலை நாலரைக்கே இருட்டு, தெருவில் இறங்கினால் போன ஆட்டத்தைப் பற்றி அறிவுரை சொல்ல ஆறு பேர். ஸ்வீடன்காரன் வர மாட்டேன் என்றால் ஊர், போடா போ என்று விட்டுவிடும். ஆனால் நெஸ்டர் ஹுமெனியுக்? வடக்கு வினிபெக்கில் பிறந்து, இங்கே பனியில் விழுந்து எழுந்து, இங்கே பல் உடைந்து, ஃப்ளோரிடாவுக்குப் போய்ப் பெரிய ஆளான பையன்? அவனும் அந்தப் பத்தில் சொந்த ஊரைச் சேர்த்திருக்கிறான் என்று விளையாட்டு ரேடியோக்காரன் போட்டு உடைத்த நாளிலிருந்து ஒரெஸ்டுக்குத் தலை காட்ட முடியவில்லை.

அதிலும் இப்போது வினிபெக் அணிக்கு ஒரு தடுப்பாட்டக்காரன் தேவை. நெஸ்டரைக் கேட்டிருந்தார்கள். அவனே மனசு வைத்து "சரி, வர்றேன்" என்றால் நிபந்தனை தளர்ந்துவிடும். அணிகள் ஆள் மாற்றிக்கொள்ள அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். தன் பையன் வினிபெக் சட்டை போட்டு இறங்குவதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர ஒரெஸ்டுக்கு வாழ்க்கையில் வேறு ஆசையே கிடையாது. வீட்டுக் கூரை ஒழுகியபோதுகூட அவர் இத்தனை கவலைப்பட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் மார்லீனிடம் கத்தினார். அவர் மனைவி சமையலறையில் முட்டைக்கோஸ் இலைக்குள் சோறும் கறியும் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். இந்த ஞாயிற்றுக்கிழமை நெஸ்டரின் அணி இங்கே ஆட வருகிறது. மத்தியான ஆட்டம். விமானம் ஏறுமுன் வீட்டில் சாப்பிட்டுப் போகப் பயிற்சியாளர் அனுமதித்திருந்தார்.

"நானே அவன் ஏஜென்ட்டுக்கு ஃபோன் போட்டுக் கேட்கப் போறேன். எவன் இவன் மனசக் கலைச்சான்னு தெரிஞ்சாகணும். வரியா, குளிரா, அவன் பொண்டாட்டியா?"

"ஒரெஸ்ட், உக்காரு."

"உக்கார முடியாது!"

"வரியும் இல்ல, குளிரும் இல்ல. அந்தப் பொண்ண இழுக்காதே, அவ பாவம். நீதான் காரணம்."

ஒரெஸ்ட் உட்கார்ந்தார்.

"நாலு வருஷம் முன்னாடி ஒப்பந்தம் எழுதுறப்போ எனக்கு ஃபோன் பண்ணான்" என்றாள் மார்லீன், சுருட்டுவதை நிறுத்தாமல். "அம்மா, ஒன்பது ஊரு சொல்லிட்டேன், பத்தாவதா நம்ம ஊரச் சொன்னா உனக்குக் கோவம் வருமான்னு கேட்டான். சொல்லுடான்னேன்."

"நீயா சொன்னே?"

"நான்தான் சொன்னேன். அவனுக்கு ஏழு வயசுலேருந்து ஆட்டம் முடிஞ்சதும் உன் டிரக்ல ஏத்துவே. ஐஸ் ரிங்க்லேருந்து வீடு வர்ற வரைக்கும் வாய் மூடினதுண்டா நீ? அந்த பாஸ் ஏன் கொடுத்தே, இந்தப் பக்கம் ஏன் திரும்பலே, கால் ஏன் நின்னுச்சு. மூணு கோல் போட்ட அன்னிக்கும் நாலாவது ஏன் போடலன்னு கேட்டே. இன்னிக்கும் ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சும் ஃபோன் பண்றியே, உன்னை ஸ்பீக்கர்ல போட்டுட்டு அவன் பல்லு தேய்ப்பான். தெரியுமா உனக்கு?"

"நான் தப்பைத்தானே மார்லீன் சொன்னேன்!"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

ஒரெஸ்ட் அவனை ஒருநாளும் திட்டியதில்லை, கை நீட்டியதில்லை, பையனுடைய ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை. அந்தப் பேச்சுக்குப் பாசம் என்றுதான் அவர் இத்தனை வருஷமாகப் பெயர் வைத்திருந்தார். மார்லீன் ஒரே ஒரு கட்டளை போட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வருகிற வழியில் ஹாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் பத்தாவது ஊர் பத்தாவது ஊராகவே இருக்கும். ஒரெஸ்ட் தலையை ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிரம்பி வழிந்தது. நெஸ்டரின் மட்டையில் பக் பட்டால் போதும், ஊரே ஒரே குரலில் "ஊ" என்று ஊளையிட்டது. அந்தக் கறுப்பு ரப்பர்த் துண்டு அவனை விட்டுப் போனதும் ஊளை நிற்கும். திரும்பி வந்ததும் தொடங்கும். பின்வரிசைக் கிழவி ஒருத்தி பின்னல் ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஊளையிட்டாள். தன்னோடு பள்ளியில் படித்தவர்களே ஊளையிடுவதைக் கேட்டு ஒரெஸ்டுக்கு ரத்தம் கொதித்தது.

"வாயை மூடுங்கடா!" என்று எழுந்தவரை மார்லீன் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

இரண்டாம் பகுதியில் நடந்தது அந்த அநியாயம். தன் கோல் வாசலுக்கு முன்னால் குறுக்கே பாஸ் கொடுக்காதே என்று ஒரெஸ்ட் எத்தனையோ வருஷமாகத் தொண்டை கிழியச் சொல்லி வந்திருக்கிறார். நெஸ்டர் அதையே செய்தான். வினிபெக் பையன் ஒருவன் நடுவில் புகுந்து தட்டினான். கோல். அந்தக் கோலில்தான் வினிபெக் ஜெயித்தது. முன்பின் தெரியாத ஒருவன் ஒரெஸ்டின் முதுகில் தட்டி, "உங்க பையன்கிட்ட நான் ரொம்ப நன்றி சொன்னதாச் சொல்லுங்க" என்றான்.

டிரக்கில் மார்லீன் நடுவில் உட்கார்ந்தாள். நெஸ்டர் ஜன்னலோரம். வெளியே மைனஸ் இருபத்தெட்டு, உள்ளே அதைவிட மோசம். ஒரெஸ்ட் வண்டியைக் கிளப்பினார்.

"வெங்காயம் விலை ஏறிப்போச்சு" என்றார்.

"அப்படியாப்பா?"

"பயங்கரமா ஏறிப்போச்சு. அப்புறம் அந்தப் பாலத்துக்கடியில புதுசாத் தார் போட்டாங்க. நல்லாப் போட்டிருக்கான்."

சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. ஒரெஸ்டின் கை தானாகவே நீண்டு காபிக் கோப்பையைக் கோல்கீப்பராக டேஷ்போர்டில் நிறுத்தியது. கையுறையைக் கழற்றி அதன் முன்னால் வைத்தது, அது நெஸ்டர். வினிபெக் பையனாக நிறுத்த வீட்டுச் சாவிக்கொத்தை எடுக்கப் போனபோது மார்லீனின் முழங்கை விலாவில் இறங்கியது. ஒரெஸ்ட் அவசரமாகக் கையுறையை மாட்டிக்கொண்டு காபியைக் குடித்தார். முகம் பீட்ரூட்டாகச் சிவந்திருந்தது.

"அப்பா, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? நெஞ்சு வலிக்குதா?"

"எனக்கென்னடா? கல்லு மாதிரி இருக்கேன்."

வீடு வந்ததும் இறங்கிப் பனியில் நின்று ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

சாப்பாட்டு மேஜையில் முட்டைக்கோஸ் சுருள், உருளைக்கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டை, மேலே வெங்காயமும் புளித்த க்ரீமும். நெஸ்டர் தலை நிமிராமல் சாப்பிட்டான். ஒரெஸ்ட் தட்டில் கை வைக்கவில்லை. பேசாமல் இருப்பது ஒன்று, என்ன பேசுவது என்று தெரியாமல் இருப்பது இன்னொன்று. ஹாக்கியை எடுத்துவிட்டால் சொந்தப் பையனிடம் கேட்கத் தனக்கு எதுவுமே இல்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அது ரொம்ப வலித்தது.

"நெஸ்டர்" என்றார் கடைசியில். "இன்னிக்கு உனக்கு எப்படிடா இருந்துச்சு? உள்ள."

மார்லீன் கரண்டியை நிறுத்தினாள். நெஸ்டர் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"பயமா இருந்துச்சுப்பா."

"ஊளை போட்டாங்களே, அதனாலயா?"

"ஊளை எல்லா ஊர்லயும்தான் போடுவாங்க. அந்தக் கோல் விழுந்ததும் நான் கோச்சப் பார்க்கல. ஸ்கோரப் பார்க்கல. நீங்க எங்க உக்காந்திருக்கீங்கன்னு பார்த்தேன். முப்பத்தோரு வயசுப்பா எனக்கு. ரெண்டு புள்ளைங்க இருக்கு. அத்தனை ஆயிரம் பேருல நான் உங்க மூஞ்சியத் தேடிக்கிட்டிருந்தேன்."

ஒரெஸ்ட் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"அம்மா சமையல், நம்ம தெரு, எல்லாத்துக்கும் ஆசையாத்தான் இருக்கு. புள்ளைங்களுக்கு உங்க ரெண்டு பேரையும் சரியாத் தெரியவே தெரியாது. ஆனா இங்க ஒவ்வொரு ஆட்டத்துலயும் தேடிக்கிட்டே இருப்பேன். முடியாதுப்பா. கோவிச்சுக்காதீங்க."

சட்டென்று கோபம் வந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. உன் ஸ்கேட்டுக்காக எத்தனை ஓவர்டைம் ஓட்டினேன் தெரியுமா என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினார். எழுந்து ஜன்னல் வரைக்கும் போனார், திரும்பி வந்தார்.

"சரி. நீ வா. நான் வரல."

"எங்க வரல?"

"ஆட்டத்துக்கு. நீ வினிபெக்ல ஆடு. உள்ளூர்ல ஆட்டம் இருக்கிற அன்னிக்கெல்லாம் நான் பஸ் ஓட்டப் போயிடறேன். நீ எங்க தேடினாலும் இருக்க மாட்டேன். டிவில பார்க்க மாட்டேன். ஃபோன் பண்ண மாட்டேன்."

நெஸ்டர் சிரித்தான். அப்புறம் அப்பாவின் முகத்தைப் பார்த்தான், சிரிப்பு நின்றுவிட்டது. "ரேடியோ?" என்று கேட்டாள் மார்லீன், சந்தேகமாக.

"அதுவும் கேட்க மாட்டேன்" என்றார் ஒரெஸ்ட். "உன்னை இந்த ஊர்ச் சட்டையில பார்க்கணும்னுதான்டா இத்தனை நாள் கிடந்தேன். பார்க்கலேன்னா செத்தா போயிடுவேன்? நீ நம்ம தெருவுல இருந்தாப் போதும். புள்ளைங்கள இங்க ஸ்கூல்ல சேத்துடு. ஞாயித்துக்கிழமை வந்து சாப்பிடு."

நெஸ்டர் எழுந்தான். கோட்டை மாட்டிக்கொண்டான், அம்மாவைக் கட்டிக்கொண்டான், அப்பாவின் தோளில் கை வைத்து அழுத்தினான். வாசலில் டாக்ஸி காத்திருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை அந்த வீட்டில் ஃபோன் மணி அடிக்கவில்லை. அடித்ததும் மார்லீன் எடுத்தாள். "அம்மா, புள்ளைங்களுக்கு நல்ல கம்பளிக் கோட்டு எங்க கிடைக்கும்?" என்றான் நெஸ்டர். அவள் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். ஒரெஸ்ட் கோட்டைக்கூடப் போடாமல் பஸ் டிப்போவுக்கு ஓடி, மேலாளரிடம் ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

டோனட் கடையில் யாருக்கும் புரியவில்லை. "பையன் முதல் ஆட்டம், நீ பஸ் ஓட்டப் போறியா? உனக்கென்ன பைத்தியமா?" என்றார் வால்ட்டர். அந்த மனிதருக்கு ஒரெஸ்ட் முதல் தடவையாக உண்மையைச் சொன்னார். வால்ட்டர் கேலி பண்ணவில்லை. டோனட் ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

ஞாயிறு மத்தியானம் அரங்கத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரெஸ்ட் தலையைத் திருப்பவில்லை. உள்ளிருந்து ஒரு பெரிய இரைச்சல் வந்தது. கோலா, ஊளையா என்று தெரியாமல் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். ஆட்டம் முடிந்து கூட்டம் ஏறியபோது, "யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது! ஸ்கோர்கூடச் சொல்லக் கூடாது!" என்று அதட்டினார். ஓட்டுநரின் கண்ணைப் பார்த்துவிட்டுப் பயணிகளும் பேசாமல் உட்கார்ந்தார்கள்.

அடுத்த சுற்றில் அதே அரங்க நிறுத்தத்தில் உயரமாய் ஒருவன் ஏறினான். சூட்டு, நீளக் கோட்டு, தலை முடி இன்னும் ஈரம், கன்னத்தில் புதுத் தையல்.

"பர்ஸ லாக்கர்லயே விட்டுட்டேன்பா."

"அப்போ இறங்கி நட."

பஸ்ஸே சிரித்தது. நெஸ்டர் ஓட்டுநருக்குப் பின்னாலிருந்த முதல் இருக்கையில் உட்கார்ந்தான். கதவு மூடியது. ஒரெஸ்ட் சாலையைப் பார்த்தபடி ஓட்டினார். ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் நெஸ்டர் முன்னால் சாய்ந்தான்.

"முதல் பத்து நிமிஷம் கால் நடுங்குச்சுப்பா" என்றான். "அப்புறம் வலது பக்க ஓரத்துல எனக்கு பக் கிடைச்சுது. எதிர்ல ரெண்டு பேர் வர்றான். வழக்கமா நான் அங்க பயந்து அடிச்சுத் தள்ளிடுவேன். இன்னிக்கு வெச்சுக்கிட்டேன். எதுக்குன்னு கேளுங்க."

ஒரெஸ்ட் கண்ணாடியில் பார்த்தார். பையன் இரண்டு கையையும் விரித்து, கண் மின்ன, மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். யார் எங்கே நின்றான், தான் எங்கே தப்பு செய்தேன், அதை எப்படிச் சரி செய்தேன் என்று ஒவ்வொன்றாக. அவன் இத்தனை பேசுவான் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

"ஒரெஸ்ட்! என் ஸ்டாப் போயிடுச்சுய்யா!" என்று பின்னாலிருந்து ஒரு அம்மாள் மணியை அடித்தாள். இன்னொருவர், "எங்க ஸ்டாப்பும்தான்!" என்றார்.

"சத்தம் போடாதீங்க" என்றார் ஒரெஸ்ட். "பையன் பேசிட்டிருக்கான்."