முன்வரிசையில் பட்டாணி உரித்தவர்

அழைப்பு ரத்தானதால் பாடகி அன்று அரசின் ஆண்டு விழாவுக்கு வரவில்லை, தன் வீட்டுச் சமையலறையில்தான் இருந்தார். ஆனால் விழாவில் எடுத்த எல்லாப் படங்களிலும் முன்வரிசையில், நிதி அமைச்சருக்கும் கல்வி அமைச்சருக்கும் நடுவே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். மடியில் அகலமான தட்டு இருந்தது, காலடியில் தோல் குவிந்திருந்தது. அரசுப் புகைப்படக்காரர் எடுத்த படத்திலும் இருந்தார், பத்திரிகைக்காரர்கள் எடுத்ததிலும் இருந்தார், பின்னால் நின்று கையை உயர்த்தி அலைபேசியில் எடுத்தவர்களின் படங்களிலும் இருந்தார். கண்ணால் பார்த்தவர்களுக்கு அந்த இடத்தில் காலி நாற்காலிதான் தெரிந்தது. படத்தில் யாராவது அவர் தட்டில் எட்டிப் பார்த்தார்களா என்றால், இல்லை. எல்லோரும் வழக்கம்போல முதல்வர் எப்போது பேச்சை முடிப்பார் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிக்கல் எல்லாம் ஒரே ஒரு பாட்டால் வந்தது. துறைமுகத்தில் சரக்குக் கிடங்கின் கூரை இடிந்து, மூட்டை தூக்குகிறவர்கள் பலர் செத்துப்போன வருடம் பாடகி அதைப் பாட்டாகக் கட்டினார். முதல் சரணம் அந்தக் கூரையைப் போட்டவர்களைக் கேள்வி கேட்டது. இரண்டாம் சரணம், பிணங்களைக் காட்டி ஊர்வலம் போய் ஓட்டு வாங்கிவிட்டு, பிறகு அந்தத் தெருப்பக்கமே எட்டிப் பார்க்காதவர்களைக் கேள்வி கேட்டது. கூரையைப் போட்டவர்கள் ஒரு கட்சி, ஊர்வலம் போனவர்கள் இன்னொரு கட்சி. ஆகவே எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும், மற்றக் கட்சியைக் குத்துகிற சரணத்துக்காக அவரை ஆண்டு விழாவில் பாட அழைத்தது. தன்னைக் குத்துகிற சரணம் நினைவுக்கு வந்ததும் அழைப்பைத் திரும்பப் பெற்றது. நடுவில் ஒரு வாரம் தொலைக்காட்சியில் சண்டை நடக்கும். கலைஞருக்கு அரசியல் எதற்கு என்று ஒருவர் கேட்பார், அரசு விழாவுக்குக் கலைஞர் எதற்கு என்று இன்னொருவர் கேட்பார், இது மக்கள் வரிப்பணம் என்று மூன்றாமவர் மேசையைத் தட்டுவார். ஆட்சி மாறியதும் மூவரும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டு அதையே பேசுவார்கள். கேட்கிறவர்களுக்குத்தான் அலுத்துப்போயிற்று, பேசுகிறவர்களுக்கு அலுக்கவே இல்லை. ஒரு சரணத்தை மட்டும் பாடிவிட்டு இறங்கிவிடலாமே என்று பாடகியிடம் ஆள் அனுப்பிக் கேட்டுப் பார்த்தார்கள். "ரெண்டு காலும் நல்லா இருக்கிறவளை நொண்டி அடிக்கச் சொல்றீங்களே" என்று அவர் சொல்லி அனுப்பிவிட்டார்.

அழைப்பதும் ரத்து செய்வதும் அரசு வரவேற்புப் பிரிவின் வேலை. அந்தப் பிரிவின் தலைவர் பாடகியின் கூடப்பிறந்த தம்பி. எந்த அமைச்சரை எந்த அமைச்சருக்குப் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது, யாருக்குத் தண்ணீர் ஆறியிருக்க வேண்டும், யாருடைய பெயர் அட்டையில் பட்டம் ஒரு எழுத்துக்கூடக் குறையக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அம்மா இல்லாத வீட்டில் அவருக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பியவர் அக்காதான். அக்காவுக்கும் அப்போது பள்ளிக்குப் போகிற வயதுதான். முதல் தடவை அழைப்பு ரத்தான அன்று, வேறு ஆளை அனுப்ப மனம் வராமல், தம்பியே கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு அக்காவின் சமையலறையில் வந்து நின்றார்.

"தொண்டை சரியில்லை, அதனால வரலைன்னு ஒரு வரி எழுதிக் குடு அக்கா. உனக்கும் மரியாதை, எனக்கும் தொல்லை இல்லை."

அக்கா அடுப்பைத் தணித்தார். "என்னைப் பத்தி என்ன வேணாலும் சொல்லிக்கோ. திமிர் பிடிச்சவள்னு சொல்லு, வரமாட்டேன்னுட்டாள்னு சொல்லு. என் தொண்டையைப் பத்தி மட்டும் பொய் சொல்லாதடா."

தம்பி தலையை ஆட்டிவிட்டுப் போனார். மாலையில் அரசு அறிக்கை வெளிவந்தது: தொண்டை சரியில்லாததால் பாடகி விழாவில் பங்கேற்கவில்லை. மேலிடத்தில் கேட்டார்கள், அவர் எழுதிக் கொடுத்தார். இதில் பூசி மெழுக ஒன்றும் இல்லை. விழா முடிந்த மறுநாள் அவர் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார். அக்கா கதவைத் திறந்தார், தம்பியின் முகத்தைப் பார்த்தார், கதவைச் சாத்தினார். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

படங்கள் வெளியானதும் இரண்டு பக்கமும் கொதித்தது. ரத்து செய்த பிறகும் எந்தத் துணிச்சலில் வந்தாள் என்று ஆளுங்கட்சிக்காரர்கள் கேட்டார்கள். ரத்து செய்த பிறகும் வெட்கமில்லாமல் போய் உட்கார்ந்தாளே, விலைபோய்விட்டாள் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் திட்டினார்கள். பாடகி நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தார், என்னிடம்தான் உப்பு வாங்கிப் போனார் என்று பக்கத்து வீட்டுக்காரம்மா சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அரசுப் புகைப்படக்காரரை உட்கார வைத்து விசாரித்தார்கள். "சார், கேமராவுக்குக் கட்சியெல்லாம் கிடையாது. முன்னாடி இருந்ததை எடுத்திருக்கு" என்றார் அவர். அவரைப் போக்குவரத்துத் துறைக்கு மாற்றி, நசுங்கிய வண்டிகளைப் படமெடுக்க விட்டார்கள். அடுத்த ஆண்டு புதுப் புகைப்படக்காரர், புதுக் கேமரா. நாற்காலி இருந்தால்தானே உட்காருவாள் என்று நாற்காலியையும் எடுத்துவிட்டார்கள். பாடகி தன் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். விழா வருகிற பருவத்தில் பட்டாணி மலிவு. கூப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று சொன்ன நாளில் கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று அவரும் அதைப் பழக்கமாக்கிக்கொண்டார்.

அதன் பிறகு அலைபேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பத்திரிகைக்காரர்களுக்குக் கேமரா அனுமதி இல்லை. அரசு எடுக்கிற படங்களை வரவேற்புப் பிரிவின் தலைவர் ஒவ்வொன்றாகப் பார்த்து, பாடகியை நீக்கி, பிறகே வெளியே அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. இப்படியாகத் தம்பி ஆண்டுக்கு ஒரு தடவை தன் அறையில் உட்கார்ந்து அக்காவைப் பார்த்தார். முதலில் மளமளவென்று நீக்கிவிட்டு எழுந்து போனவர், போகப்போக ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்க்க ஆரம்பித்தார். அக்காவுக்குக் காதோரம் நரைத்தது. மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து நூலால் கட்டியிருந்தது. ஒரு வருடம் தட்டை மடியில் வைத்தபடியே தூங்கிப்போயிருந்தார், பக்கத்தில் நிதி அமைச்சரும் தூங்கிக்கொண்டிருந்தார். வருடம் ஆக ஆக அவரைச் சுற்றி வீடும் கொஞ்சம் கொஞ்சமாகப் படத்துக்குள் வந்தது. அவர் வீட்டு ஜன்னல் வெயில் கல்வி அமைச்சரின் காலணியில் விழுந்திருந்தது. ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டு, அதன் மேல் அட்டை ஒட்டியிருந்தது. அதைப் பார்த்த அன்று தம்பி தச்சுப் பட்டறை வழியாக வீட்டுக்குப் போனார்.

அடுத்த வாரம் ஒரு தச்சர் பாடகியின் வீட்டுக்குப் போய், யார் அனுப்பியது என்று சொல்லாமல் புதுக் கண்ணாடி போட்டுவிட்டு வந்தார். மறு ஆண்டுப் படத்தில் புதுக் கண்ணாடி பளபளத்தது. அதன் மேல் பழைய அட்டையே திரும்ப ஒட்டியிருந்தது. அந்த ஒரு வருடம் மட்டும் பாடகி தலை நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்த்திருந்தார். தம்பி தனியாக உட்கார்ந்து சிரித்தார், பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டார்.

"படத்துல பார்த்து என்னங்க பிரயோசனம்? பஸ்ஸுல ஏறினா உங்க அக்கா வீடு" என்றார் மனைவி.

"கதவைத் திறக்க மாட்டா."

"அதுக்கப்புறம் நீங்க தட்டவே இல்லையே."

தம்பி சட்டைக்கு இஸ்திரி போடப் போய்விட்டார். ஆட்சி மாறியது, திரும்ப மாறியது. ஒவ்வொரு ஆண்டும் அழைப்பு போனது, சண்டை நடந்தது, அழைப்பு ரத்தானது. அறிக்கையையும் அவர் புதிதாக எழுதுவதில்லை. தொண்டை சரியில்லாததால் என்ற அதே வரி, ஆண்டை மட்டும் மாற்றுவார். விழா இனிதே நடைபெற்றது என்ற வரியையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவார்.

அவர் ஓய்வுபெறச் சில வருடங்களே பாக்கி இருந்தபோது, ஒரு விழாவன்று காலையில் புகைப்படக்காரர் வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, காலியாக இருந்த முன்வரிசையை ஒரு படம் எடுத்தார். எடுத்ததும் முகம் மாறி, "சார், கொஞ்சம் இங்க வாங்க" என்று கூப்பிட்டார். தம்பி கையில் பெயர் அட்டைகளோடு வந்து கேமராவின் சின்னத் திரையைப் பார்த்தார். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தாடை வரைக்கும் கழுத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டு. மடியில் தட்டு இருந்தது, தட்டு நிறையப் பட்டாணி இருந்தது, ஒன்றுகூட உரிக்கவில்லை. கைகள் இரண்டும் அதன் மேல் சும்மா கிடந்தன. அத்தனை வருடப் படங்களில் அந்தக் கை சும்மா இருந்து அவர் பார்த்ததில்லை, தூங்கிய படத்திலும்கூட விரலிடுக்கில் ஒரு பட்டாணி இருந்தது.

பெயர் அட்டைகள் கையிலிருந்து நழுவித் தரையெல்லாம் சிதறின. அவர் குனியவில்லை. முதல்வரின் வண்டி உள்ளே வந்துகொண்டிருந்தபோது வரவேற்புப் பிரிவின் தலைவர் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறி, சட்டையில் அடையாள அட்டை தொங்க, பஸ்ஸில் நின்றுகொண்டே போனார்.

அக்கா வீட்டுக் கதவைத் தட்டக் கையை வைத்தார், கதவு தானாகத் திறந்துகொண்டது. தாழ்ப்பாள் போடவில்லை. என்றைக்கிலிருந்து போடவில்லை என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"எப்ப இருந்துக்கா இப்படி?"

அக்கா தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "ஆபரேஷன் ஆயிடுச்சு. பிழைச்சுக்கிட்டேன். பாட்டு போயிடுச்சு." காற்று மட்டும்தான் வந்தது, காதைப் பக்கத்தில் கொண்டுபோய்த்தான் கேட்க வேண்டியிருந்தது. "வருஷா வருஷம் எழுதினியே. இந்த வருஷம்தான் பொய் இல்லை."

தம்பி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பது கடந்த மனிதர், சின்னப் பையனைப் போல ஏங்கி ஏங்கி அழுதார். "நான் எழுதித்தான்... நான் எழுதி எழுதித்தான்க்கா..."

அக்கா கொஞ்ச நேரம் அழ விட்டார். பிறகு தோளைத் தட்டினார். "உன் எழுத்துக்கு அவ்வளவு சக்தியா? விழா இனிதே நடைபெற்றதுன்னும்தான் எழுதுவே. ஒரு தடவையாவது நடந்துச்சா?" சிரிக்கப் பார்த்தார், வலித்தது போலிருக்கிறது, நிறுத்திக்கொண்டார். மடியிலிருந்த தட்டை எடுத்துத் தம்பியின் முன்னால் வைத்தார். "அழுதுகிட்டே உரி. எனக்குக் கை ஓடலை."

அங்கே மண்டபத்தில் பெயர் அட்டைகள் இல்லாததால் அவரவர் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் உட்காரவே கூடாத இரண்டு அமைச்சர்கள் அன்று தோளோடு தோள் உரசி உட்கார்ந்தார்கள், ஒன்றும் ஆகிவிடவில்லை. விழா முடிந்தது. படங்கள் வழக்கம்போல வரவேற்புப் பிரிவுக்குப் போயின, பார்த்து நீக்க வேண்டிய தலைவர் தன் அறையில் இல்லை, நேரமாகிவிட்டது என்று உதவியாளர் அப்படியே பத்திரிகைகளுக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் முதல் பக்கத்தில் முதல்வருக்கு எதிரே, முன்வரிசையில், ஸ்டூலில் கழுத்துக் கட்டோடு பாடகி உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில், கழுத்துப்பட்டை தோளுக்கு மேல் கிடக்க, முகமெல்லாம் கண்ணீரோடு வரவேற்புப் பிரிவின் தலைவர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அக்காவின் ஒரு கை அவர் தலை மேல் இருந்தது.

விழாவை விட்டு ஓடியதற்காக அவர் மேல் நடவடிக்கை எடுத்தார்கள். விசாரணையில் அந்தப் படமே அவரைக் காப்பாற்றியது: விழா நேரம் முழுவதும் அவர் முன்வரிசையில் இருந்ததற்கு அரசு எடுத்த படமே சாட்சியாக இருக்கும்போது, இல்லை என்று சொல்ல அரசுக்கு வழி இல்லை. நிர்ணயித்த இடத்தில் நிற்காமல் தரையில் உட்கார்ந்ததற்குக் கண்டித்துவிட்டு விட்டுவிட்டார்கள். அவரும் அதற்குப் பிறகு எந்த விழாவுக்கும் நேரில் போகவில்லை. விழா நாளில் காலையிலேயே பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போய்விடுவார், மனைவி சாப்பாடு கட்டிக் கொடுப்பார். வருகைப் பதிவுக்குப் படம் இருக்கிறது.

பாடகிக்குப் பாட்டு திரும்ப வரவில்லை. அது தெரிந்த பிறகு அவரை அழைப்பதில் எந்தக் கட்சிக்கும் ஆட்சேபம் இல்லாமல் போயிற்று. இரண்டு பக்கமும் ஒற்றுமையாகக் கைதட்டி அவருக்கு அரசின் மிகப் பெரிய கலை விருதை அறிவித்தன. தொலைக்காட்சியில் மூவரும் முதல் தடவையாக ஒரே கருத்தைச் சொன்னார்கள், கேட்கவே சகிக்கவில்லை. சேதி கொண்டுவந்த அதிகாரியிடம், அன்றைக்கு எனக்கு வீட்டில் வேலை இருக்கிறது என்று பாடகி காற்றுக் குரலில் சொல்லி அனுப்பிவிட்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் அந்தப் பாட்டை இப்போதும் பாடுகிறார்கள், இரண்டு சரணத்தையும் பாடுகிறார்கள், அவர்களை எந்த விழாவுக்கும் யாரும் கூப்பிடுவதில்லை.

இப்போதெல்லாம் மண்டபத்தின் முன்வரிசையில் நடுவில் நாற்காலி போடுவதில்லை. ஒரு ஸ்டூலுக்கும், தரையில் ஓர் ஆள் கால் நீட்டி உட்காருவதற்கும் இடம் விட்டு, மீதியை அமைச்சர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். விழா முடிந்து எல்லோரும் போன பிறகு பெருக்குகிறவர்கள் வருகிறார்கள். கசங்கிய அழைப்பிதழ்களையும் காலித் தண்ணீர் பாட்டில்களையும் ஒரு பையில் அள்ளுகிறார்கள். முன்வரிசையில் கிடக்கிற பட்டாணித் தோலைத் தனியாகக் கூட்டி எடுத்துப் போய், பின்வாசலில் நிற்கும் மாட்டுக்குப் போடுகிறார்கள்.