செத்த ராக்கெட்டுக்கு ஜாதகம்

என் வீட்டுக்காரர் கார்த்திகேசனுக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொள்வார். “செத்த ராக்கெட்டுக்கு ஜாதகம் எழுதுதா” என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

பெங்களூரில் இருக்கும் ஒரு சின்ன நிறுவனத்துக்குக் கோவில்பட்டி வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். பழைய விண்கலங்கள் எந்த நேரத்தில் எங்கே இருந்தன, என்ன வேகத்தில் போயின என்கிற கணக்கெல்லாம் அந்தக் காலத்துக் காந்த நாடாக்களிலும் அச்சுத் தாள்களிலும் கிடக்கின்றன. நாடா உதிர்வதற்குள், தாள் வெளுப்பதற்குள் அவற்றை இன்றைய கணினி படிக்கிற மாதிரி மாற்றி, தப்பு இருந்தால் திருத்தி வைக்க வேண்டும். ஒருவன் தன் ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதியிருப்பான், இன்னொருவன் உலகம் முழுக்கப் பொதுவான லண்டன் நேரத்தில் எழுதியிருப்பான். எவன் எதைப் பார்த்து எழுதினான் என்று கண்டுபிடிப்பதற்குள் மண்டை காய்ந்துவிடும்.

அவருக்கு எட்டயபுரம் ரோட்டில் மோட்டார் ரிப்பேர் கடை. கிணற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில் மோட்டார் ஓடாது, ஓடாத மோட்டார் ரிப்பேருக்கும் வராது. அப்படிச் சும்மா இருந்த நாளில்தான் அவருக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது. தொலைநோக்கியில் எடுத்த வானப் படங்களைப் பொதுமக்களுக்கு அனுப்பி, விண்கல்லாக இருக்கக்கூடிய நகரும் புள்ளி தெரிகிறதா என்று பார்க்கச் சொல்கிற அமைப்பு ஒன்று இருக்கிறது. இவர் அதில் சேர்ந்துகொண்டார். கடையில் உட்கார்ந்து, மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றுகிற அதே பொறுமையோடு படங்களைப் பார்ப்பார். போன மாதம் ஒரு புள்ளி நகர்ந்தது. அதற்குத் தற்காலிகமாக ஓர் எண் கொடுத்து, சரிபார்க்கிறோம் என்று பதில் போட்டார்கள்.

சரிபார்க்கிறோம் என்றால் பொறுத்திரு என்று அர்த்தம். எங்கள் ஊரில் யார் பொறுத்தார்கள்? பிளக்ஸ் கடை விஜயராஜ் அண்ணாச்சி மறுநாளே காசு வாங்காமல் ஒரு பேனர் அடித்து மார்க்கெட் முக்கில் கட்டிவிட்டார். ஒரு பக்கம் கூலிங் கிளாஸ் போட்ட என் வீட்டுக்காரர், மறுபக்கம் நெருப்பைக் கக்கிக்கொண்டு வரும் ஒரு பாறை, நடுவில் அந்த எண். “விண்கல் கண்ட வேங்கையே” என்று வாசகம். பாறை நிஜத்தில் நெருப்பெல்லாம் கக்காது என்றேன். “சும்மா இரு தங்கச்சி, வெறும் கல்லப் போட்டா ஜல்லிக்கு விளம்பரம்னு நெனைப்பாவ” என்றார் அண்ணாச்சி.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. கல் உறுதியானால் அதற்குத் தன் அம்மா பேச்சித்தாயின் பெயரை வைக்கக் கேட்கப் போவதாக இவர் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். என் மாமியாருக்கு ஓட்டப்பிடாரம் பக்கம் ஆட்டுக் கிடை இருக்கிறது. மாமனார் மாரிச்சாமி போய்ச் சேர்ந்த பிறகு ஆடுகளைப் பார்த்துக்கொள்வது முழுக்க அவர்தான். ஆனாலும் ஊருக்கு அது இன்னும் மாரிச்சாமி கிடைதான். நிலம், வீடு, கரண்டு பில் எல்லாமே மாமனார் பெயரில். “ஒன்னாவது அம்மா பேர்ல இருக்கட்டும்” என்று இவர் சொன்னபோது எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. அதை நான் காட்டிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை குலசாமி கோயிலில் கிடா வெட்டு என்று முடிவாகி, சொந்தக்காரர்களுக்கெல்லாம் வாட்ஸப்பில் அழைப்பும் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. புதிதாகக் கண்ட ஒரு பொருள் பூமியை விட்டு ரொம்ப மெதுவாக விலகிப் போகிறது, கல் இப்படிப் போவது அபூர்வம், நம் கோப்பில் இருக்கும் பழைய ராக்கெட் எதனுடைய பாதையாவது ஒத்துப்போகிறதா பார், திங்கட்கிழமை பதில் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். கீழே இருந்த எண் எனக்கு மனப்பாடம். மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் அதைத்தானே பார்க்கிறேன்.

ஒத்துப்போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டே கணக்குப் போட்டேன். அவர் கண்ட பொருளின் பாதையைப் பின்னோக்கி ஓட்டினேன். என்னிடமிருந்த கோப்புகளை ஒவ்வொன்றாக முன்னோக்கி ஓட்டினேன். ஒன்றுமே பொருந்தாமல் வந்தது. அப்பாடா என்று இருந்தபோது ஒன்று பொருந்தியது. ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு விண்கலத்தை நிலாப் பக்கம் தள்ளிவிட்டு, சூரியனைச் சுற்றப் போய்விட்ட ராக்கெட்டின் கடைசி அடுக்கு. எந்த நாட்டுடையது என்று நான் சொல்லக் கூடாது. உள்ளே ஒன்றுமில்லாத லேசான தகர டப்பா என்பதால் சூரிய ஒளியே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளியிருக்கும். அந்தத் தள்ளலையும் சேர்த்ததும் இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்துகொண்டன.

போன வருடம் அந்தக் கோப்பைத் திருத்தியதே நான்தான். அதில் நேரம் முழுக்க உள்ளூர்க் கடிகாரப்படி இருந்தது. நான் மெனக்கெட்டு மாற்றாமல் விட்டிருந்தால் இது பொருந்தியே இருக்காது. அந்த வாரம்தான் ‘ஜாதகம்’ என்கிற பட்டமும் எனக்குக் கிடைத்தது. இப்போது அந்த ஜாதகம் அவருடைய கல்லையே தின்றுவிட்டது. பழி தீர்ந்தது என்று சந்தோஷம் வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

திங்கட்கிழமைதானே பதில் கேட்கிறார்கள், கிடா வெட்டு முடியட்டும், சாப்பிட்டுவிட்டு எல்லாரும் போகட்டும் என்று ஒரு யோசனை ஓடியது. ஆனால் ஊரைக் கூட்டி விருந்து போட்ட மறுநாள் கல் தகரமானால் அவரை ஓட்டியே கொன்றுவிடுவார்கள். முன்பே தெரிந்தும் பொண்டாட்டி வாயைத் திறக்கவில்லை என்று அவருக்குத் தெரிந்தால் அது அதைவிடக் கேவலம். சனிக்கிழமை காலையில் மசாலா சாமானுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவர் எதிரே போய் நின்றேன்.

“ஏங்க, அது கல்லு இல்ல.”

“வேற என்ன?”

“பழைய ராக்கெட்டு. என் கோப்புல இருக்கு.”

அவர் பேனாவை மூடினார். கத்தியிருந்தால்கூடத் தேவலாம். ஒரு வார்த்தை பேசாமல் பைக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். நீள வாய்க்காரர் பேசாமல் போனால் வீடு எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுப்பில் வைத்த பாலையும் பொங்கவிட்டேன்.

மத்தியானம் திரும்பி வந்தார். சாப்பிடக்கூட உட்காரவில்லை.

“அடையாளம் சரியாப் பாத்தியாட்டி?” என்றார்.

கணினியைத் திறந்து இரண்டு கோடுகளையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு கோப்பின் கடைசி வரிக்குப் போகச் சொன்னார். அதற்கு அப்புறம் ஒன்றுமே இல்லை, வெறும் திரை.

“இதுக்குப் பொறவு?”

“தெரியாது. அதோட தொலஞ்சு போச்சு.”

“யாரும் தேடலியா?”

“எங்கனன்னு தேட?”

அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. “ஏட்டி ராதாமணி, அப்ப இது வேத்து ஆடுல்லா! தொலஞ்ச ஆடு என் கிடையில வந்து நின்னுருக்கு. காதுல இருக்குத வெட்ட நீ பாத்துச் சொல்லிட்ட.”

ஆட்டுக்காரர் மகன் அல்லவா, அவருக்கு அப்படித்தான் தோன்றும். ஒவ்வொரு வீட்டு ஆட்டுக்கும் காதில் ஒவ்வொரு விதமான வெட்டு உண்டு. வேற்று ஆடு கிடைக்குள் வந்துவிட்டால் மாமியார் வீட்டில் அதை ஒளிக்க மாட்டார்கள். டீக்கடையில் சொல்லிவைப்பார்கள். உரியவன் வந்து, காது வெட்டைச் சொல்லி ஓட்டிப் போகும்போது, கண்டெடுத்தவனுக்கு ஒரு துண்டு போட்டுவிட்டுப் போவான்.

“அப்ப நாளைக்குக் கிடா வெட்டு?” என்றேன்.

“நிப்பாட்டவா? நல்லாக் கேட்ட போ!”

ஞாயிற்றுக்கிழமை குலசாமி கோயில் வேப்ப மரத்தடியில் பந்தி முடிகிற நேரம் அவர் எழுந்து நின்றார்.

“எல்லாரும் கேட்டுக்கிடுங்க. நான் கண்டது கல்லு இல்ல. அம்பது வருசமாத் தொலஞ்சு போன ராக்கெட்டு. இப்பக் கிடைச்சிருச்சு.”

விஜயராஜ் அண்ணாச்சி எலும்பைக் கையில் பிடித்தபடி, “ஏலே, அப்ப என் பிளக்ஸு?” என்றார். ஒரே சிரிப்பு.

அவர் விடவில்லை. “சிரிங்க, சிரிங்க. இது யாரு ஆடுன்னு எவனுக்கும் தெரியல. வெளிநாட்டுக்காரனுக்கே தெரியல. அடையாளம் சொன்னது எம் பொண்டாட்டி. இத்தன வருசமா அந்தக் காது வெட்டையெல்லாம் அழியாமக் காப்பாத்தி வச்சிருக்கா. நாந்தான் கூறுகெட்டுப் போய் கிண்டல் பண்ணிக்கிட்டுத் திரிஞ்சேன். உரியவ இவதான். வந்து துண்டப் போடச் சொல்லுங்க.”

துண்டுக்கு நான் எங்கே போவேன்? மாமியார், தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தோளிலிருந்து ஒரு துண்டை உருவி என் கையில் கொடுத்து, “போடுட்டி, போ” என்று முதுகில் தள்ளினார். அத்தனை பேர் பார்க்க, கறிக்குழம்பு வாசம் அடிக்கிற அந்தத் துண்டை நான் என் வீட்டுக்காரர் கழுத்தில் போட்டேன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. மிளகாய்க் காரம் என்று பிறகு சொன்னார்.

“உங்க பேரு வைக்க முடியாமப் போச்சே அத்த” என்றேன் மாமியாரிடம்.

“நல்லதாப் போச்சு. மேல சுத்துத பேரு யாரு கண்ணுக்குத் தெரியப் போவுது? வைக்கணும்னா கீழ இருக்குத கிடைக்கு வைக்கச் சொல்லு, நாலு பேரு பாப்பாவ.” மறு வாரமே கிடைப் பட்டியின் தகரக் கதவில் ‘பேச்சித்தாய் கிடை’ என்று பெயின்டில் எழுதிவிட்டு வந்தார் மகன்.

திங்கட்கிழமை என் பதில் போனது. காலியாகக் கிடந்த கடைசி வரிக்குக் கீழே, இத்தனை வருட இடைவெளிக்குப் பிறகு, ஒரு புது வரி சேர்ந்தது. நேரம், இடம், வேகம். கண்டவர் கார்த்திகேசன், கோவில்பட்டி. லண்டன் நேரத்தில்தான் எழுதினேன்.

அந்த வாரக் கடைசியில் மார்க்கெட்டுக்குப் போனவள் முக்கில் அப்படியே நின்றுவிட்டேன். பழைய பேனர் இருந்த இடத்தில் புதுசு. இடது பக்கம் அதே கூலிங் கிளாஸ். நடுவில் ராக்கெட், அதன் வாலில் நெருப்பு. வலது பக்கம் என் படம். அதுவும் எது? ஆதார் கார்டுக்கு எடுத்தது. காய்ச்சலில் கிடந்து எழுந்து போய் எடுத்த, எண்ணெய் வழிகிற அந்த மூஞ்சி, ஆள் உயரத்துக்கு. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘ஜாதகம் எழுதியவர்’ என்று போட்டிருந்தது.

போனை எடுத்து வீட்டுக்காரரை வைகிற வரைக்கும் வைதேன். வேறு படமே கிடைக்கவில்லையா, கண் தெரியவில்லையா, என்ன நினைப்பில் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

“சரிட்டி, கோவப்படாத. அண்ணாச்சிட்டச் சொல்லி இப்பமே அவுத்துருதேன்” என்றார்.

“அவுக்கெல்லாம் வேண்டாம், இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுக் காய் வாங்கப் போனேன்.