அவள் உட்காரும் பக்கம்

கூரை இருக்க வேண்டும், அதுதான் முதல் விஷயம், கூரை இல்லாத எதையும் ஏறெடுத்தும் பார்க்கக் கூடாது என்று வீட்டில் செருப்பு மாட்டும்போதே முடிவு செய்துகொண்டுதானே வந்தேன், பிறகு ஏன் கால் தானாக அந்த நீலப் படகின் பக்கமே போகிறது... கூரையும் கிடையாது, சாய்ந்துகொள்ள மெத்தையும் கிடையாது, ஒரு திறந்த ஓடு, பின்னால் ஒரு என்ஜின், முடிந்தது கதை, ஆனால் முன்பக்கத்து வளைவு இருக்கிறதே, அலையில் எப்படி ஏறும் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடுகிறது, தொட்டுப் பார்த்தேன், வெயிலில் சூடேறிக் கிடந்தது... வேண்டாம், கையை எடு. ஆசை வெட்கம் அறியாது என்பார்கள், அறுபத்து மூன்று வயதிலும் அறியவில்லை. முதல் படகை எனக்காக வாங்கினேன், இந்த இரண்டாவது அவளுக்காக, அப்படித்தான் பேச்சு. யாரோடு பேச்சு? என்னோடுதான், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள். சட்டைப்பையில் காகிதம் இருக்கிறது, நேற்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதியது, கூரை, மெத்தை வைத்த இருக்கை, ஏறி இறங்கப் படி, கழிப்பறை, கழிப்பறைக்கு அடியில் இரண்டு கோடு. பன்னிரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் என்னோடு கடலில் தீவு வரை வந்தாள், காலையிலிருந்து கரை திரும்பும் வரை ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை, ஏன் குடிக்கவில்லை என்பது என் மண்டையில் ஏறியது போன மாதம்தான். பழைய படகை ஐஸ் கடைக்காரருக்கு விற்று அதற்குள் நாலு மாதம் ஆகியிருந்தது.

விற்பனைக்கு நிற்கிறவர் தொப்பியைக் கழற்றுவதே இல்லை, அலுவலக அறைக்குள் மின்விசிறிக்கு அடியிலும் தொப்பிதான், மனதுக்குள் அவருக்குத் தொப்பிக்காரர் என்று பெயர் வைத்துவிட்டேன். நல்ல மனிதர்தான், ஆனால் எடுத்த எடுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம். "எத்தனை பேர் போவீங்க சார்?" லிஃப்டில் ஒட்டியிருக்குமே, ஆறு பேர், நானூற்று எட்டு கிலோ என்று, அதே மாதிரி படகிலும் ஒரு தகடு உண்டு, முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவனுக்கு இந்தக் கேள்வி புதிதா என்ன, புறாக் கூண்டு போன்ற லிஃப்டில் தனியாக மேலும் கீழும் போய்ப் போய்ப் பார்த்தவன்தானே நான்... ஒருத்தன் என்று சொல்ல வாய் வரவில்லை. நானும் வீட்டுக்காரியும் என்றேன், வாராவாரம் என்றேன், வாராவாரத்தை எதற்குச் சேர்த்தேனோ. "அம்மாவையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே சார், நம்ம என்னதான் பார்த்தாலும் கடைசில அவங்கதானே முடிவு பண்ணுவாங்க." மகள் வீட்டுக்குப் போயிருக்கா, வந்துருவா என்றேன். பொய் இல்லை, போயிருக்கிறாள் என்பது உண்மை. வந்துருவா என்பதுதான் இரண்டரை வருடமாக நானும் சொல்லிக்கொண்டிருக்கிற வார்த்தை.

மகளுடைய பிரசவத்துக்குப் போனாள், மூன்று மாதம் என்று பேச்சு. குழந்தை குப்புற விழட்டும் என்றாள், விழுந்தது, நடக்கட்டும் என்றாள், நடந்தது, பல் முளைத்தது, அம்மை போட்டு இறங்கியது, மகள் மறுபடி வேலைக்குப் போனாள், இப்போது பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு வருகிறாளாம், சேர்த்த பிறகு யார் கொண்டுபோய் விடுவது, யார் கூட்டி வருவது... எனக்குக் கணக்குத் தெரியாதா. நீங்களும் வாங்களேன் மாமா என்று மாப்பிள்ளை சொன்னார், ஒரே ஒரு தடவை, அவரும் பாவம், அந்த வீட்டில் எனக்குப் படுக்க இடம் கூடத்து சோஃபாதான். போய் நாலு நாள் இருந்தேன், அவள் சமையலறையில் பேத்தியோடு சளசளவென்று பேசிக்கொண்டே இருந்தாள், என்னைக் கண்டால் காபி வேணுமா என்று மட்டும் கேட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். நெருப்பில்லாமல் புகையாது என்று பார்க்கிறவர்கள் எல்லாம் துருவுகிறார்கள், என் மச்சான், அவளுடைய தம்பி, நேராகவே கேட்டுவிட்டான், "அக்காவ என்ன சொன்னீங்க அத்தான்?" ஒன்றும் சொல்லவில்லையடா, அதுதானே... போன மாதம் போனில் பழைய படகை விற்றதைச் சொன்னேன். "ம்... இடுப்புக்கு நல்லதாப் போச்சு" என்றாள். அதைப் பிடித்துக்கொண்டேன். அப்படியானால் இடுப்புதான் விஷயம், கூரையும் மெத்தையும்தான் விஷயம், இத்தனை நாள் என்மேல் அல்ல, அந்தப் படகின் மேல்தான் கோபம். நல்ல படகாக ஒன்று வாங்கிவிட்டு, வா, பார் என்றால் வரமாட்டாளா. வருவாள். இரண்டு நாளைக்காவது வருவாள், வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"சும்மா ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க சார், நீலத்தையே பார்த்துட்டு நிக்கிறீங்க" என்றார் தொப்பிக்காரர், கெட்டிக்காரர், கண்ணைப் பார்த்தே பிடித்துவிட்டார். சரி, ஒரு சுற்றுதானே, அதற்கென்று வாங்கிவிடப் போகிறோமா. பழக்கதோஷத்தில் நேராக ஸ்டியரிங் பக்கம் போனேன், அவர் பணிவாகக் கையை நீட்டி மறித்தார், முதல் சுற்றில் கம்பெனி ஆள்தான் ஓட்ட வேண்டுமாம், சட்டமாம். ஆகவே பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் உட்காரும் பக்கம். உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது, பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட இந்தப் பக்கம் நான் உட்கார்ந்ததில்லை... படகு வாங்கும்போதும் ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன், யார் உட்கார்ந்து பார்த்து வாங்குகிறார்கள். என் இருக்கைக்கு ஸ்பிரிங் போட்டேன், நானே போட்டேன், லிஃப்டுக்கு அடியில் வைக்கிற ஸ்பிரிங்கில் ஒன்றை அறுத்து, பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். அவளுக்கு உட்கார ஐஸ் பெட்டி மூடி. துறைச் சுவரைத் தாண்டியதும் முதல் அலை தூக்கிப் போட்டது பாருங்கள், கீழே இருந்து யாரோ கட்டையால் அடித்த மாதிரி, பிடித்துக்கொள்ளக் கம்பி எங்கே என்று கை துழாவுகிறது, ஓட்டுகிறவனுக்குச் சக்கரம் இருக்கிறது, எந்த அலை எப்போது வரும் என்று அவன் பார்த்துக்கொண்டே போகிறான், உடம்பு முன்கூட்டியே தயாராகிறது, பக்கத்தில் இருக்கிறவனுக்கு ஒன்றும் தெரிவதில்லை, திடீர் திடீரென்று விழுகிறது அடி. தண்ணீரும் இந்தப் பக்கம்தான் வாரி அடிக்கிறது, அவருடைய தொப்பியில் ஒரு சொட்டு இல்லை, நான் தொப்பலாகிவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது, வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், அழுகையும் வந்தது, முகம் முழுக்க உப்புத் தண்ணீர் என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

கொஞ்சம் மெதுவா போங்க என்றேன். அவர் முன்னால் பார்த்தபடியே இருந்தார். சார், மெதுவா, என்று கத்தினேன், காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார், கேட்கவில்லையாம், என்ஜின் அப்படி அலறுகிறது. அப்போதுதான் ஞாபகம் வந்தது... அவளும் உதட்டை அசைத்துக்கொண்டேதான் வருவாள். கடைக்கண்ணில் தெரியும். திரும்பும்போது தீவு மறைந்து கரையில் கலங்கரை விளக்கம் தெரிகிறவரை வாய் ஓயாது, கண் நேரே கடல்மேல் இருக்கும், பயத்தில் சாமி கும்பிடுகிறாள் என்றே நினைத்திருந்தேன், பன்னிரண்டு வருடமும் அப்படித்தான் நினைத்தேன், கேலிகூடச் செய்திருக்கிறேன், என்ன, சாமி வந்தாச்சா என்று. சில நாள் பாவமே என்று வேகத்தைக் குறைப்பேன். உடனே வாயை மூடிக்கொள்வாள், பார், பயம் தெளிந்துவிட்டது என்று நான் மறுபடி முடுக்குவேன். சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது, எந்தக் கயிறு இழுபடுகிறது என்று மூன்றாம் மாடியிலிருந்து சொல்லிவிடுகிற காது இது, ஊரெல்லாம் புகழ்ந்த காது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் என்ன வேண்டிக்கொண்டாள் என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

அப்புறம் வெள்ளைப் படகு. இதுதான், சந்தேகமே இல்லை, காகிதத்தில் இருந்த அத்தனையும் இருக்கிறது, கூரை, படி, கதவு வைத்த குட்டிக் கழிப்பறை, இதிலும் வீம்புக்கு அவள் பக்கமே உட்கார்ந்தேன், முதுகை ஏந்திக்கொள்கிறது மெத்தை. கழிப்பறைக் கதவை மூன்று தடவை திறந்து மூடினேன், தாழ்ப்பாள் சுலபமாகப் போடவருகிறதா என்று பார்த்தேன், தொப்பிக்காரர் என்ன நினைத்தாரோ. துறையைத் தாண்டி வேகம் பிடித்த பிறகும் அவர் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டு வந்தார், ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறது. "என்ஜின் ஓடுறதே தெரியாது சார். அம்மாவும் நீங்களும் பக்கத்துல உக்காந்து ரகசியமே பேசலாம்." எனக்கு மனசு அப்படியே குளிர்ந்துவிட்டது. பேசலாம். அதுதானே இத்தனை நாள் இல்லாமல் போனது. தீவு வரை முக்கால் மணி நேரம், போக வர ஒன்றரை மணி, வாராவாரம் ஒன்றரை மணி நேரப் பேச்சு... என்ன பேசுவோம்? ஒத்திகை பார்த்தேன். வெயில் இன்னிக்கு பரவாயில்ல, இல்ல? ஆமா. இடுப்பு எப்படி இருக்கு? பரவாயில்ல. பேத்தி? நல்லாருக்கா. அதற்குமேல் வரவில்லை, துறைச் சுவர்கூட இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது, அதற்குள் சரக்கு தீர்ந்துவிட்டது. போகப் போக வரும் என்று சொல்லிக்கொண்டேன். "இதையே முடிச்சுரலாமா சார்?" என்றார், முடிச்சுரலாம், ஒரு போன் மட்டும் பண்ணிக்கிறேன் என்றேன்.

படகைக் கட்டும் முளைமேல் உட்கார்ந்து அழைத்தேன், சட்டை இன்னும் ஈரம். பேத்தி எடுத்து மூச்சுவிட்டாள், பிறகு அவள் வந்தாள். என்னங்க, இந்நேரத்துல? எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன், கூரை, மெத்தை, படி, கழிப்பறை, இப்போது படகுக்கு எதிரேதான் இருக்கிறேன், உனக்காகத்தான், நீ சரி என்றால் இன்றைக்கே. ம், ம் என்று கேட்டுக்கொண்டாள். இவ்வளவு எதுக்குங்க என்றாள், அப்புறம் பேச்சு நின்றுவிட்டது, வழக்கமாக நிற்கிற இடம்தான், வழக்கமாக இங்கே சரி வச்சிரட்டுமா என்பேன். இன்றைக்கு முதுகு வலித்துக்கொண்டிருந்தது, அதனால்தான் கேட்டேனோ என்னவோ. "அப்பல்லாம் போட்ல வாய்க்குள்ளயே என்னமோ சொல்லிட்டு வருவியே, ரொம்ப பயமா இருந்துச்சா? சாமி கும்பிட்டியா?"

சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். "சாமியா? உங்களத்தான் திட்டிட்டு வருவேன். திட்டுறதுன்னு இல்ல... பேசுவேன். உங்ககிட்டதான். வாரம் பூரா உள்ள கிடக்குறத எல்லாம் அங்க வச்சுத்தான் சொல்லுவேன், உங்களுக்குத்தான் கேக்காதுல்ல. ஞாயித்துக்கிழமை எப்ப வரும்னு இருக்கும் எனக்கு. திரும்பி வர்றப்போ நெஞ்சு லேசாயிருக்கும். இங்க அதுக்கு ஒரு இடம் இல்ல, சின்ன வீடு, எல்லாம் எல்லாருக்கும் கேக்குது." என்ன சொல்லுவ என்றேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. இல்லை, அதை விடுங்க என்றாள், பேத்தியிடம் எதையோ வாயில் வைக்காதே என்றாள், போனை வைத்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"நீங்க சொன்ன புதுப் போட்டு," என்றாள், "அதுவும் நல்லா சத்தம் போடுமா?"

தொப்பிக்காரர் வெள்ளைப் படகைக் கட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வருகிறார், பின்னால் நீலம் ஆடிக்கொண்டிருக்கிறது. சத்தமே வராது, நீ பேசினால் ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்கும் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன், அதைச் சொன்னால் வருவாளா... சத்தம் போடும் என்றால் வந்துவிடுவாள், அது தெரிகிறது, வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டு, எனக்குக் கேட்காமல் என்னிடம் பேசுவாள். அது போதுமா எனக்கு? போதாது என்று சொல்ல நான் யார்? "லைன்ல இருக்கீங்களா?" என்றாள். இருக்கேன் என்றேன்.